யுனிவர்சல் ரிமோட்டில் கை வைப்பதற்கு முன் உள்ளே இருப்பதை எப்படிக் காப்பி எடுப்பது?

தெருமுனை_ரேடியோ:

வணக்கம். என்னிடம் ஒன் ஃபார் ஆல் பிராண்டின் பழைய ரிமோட் ஒன்று இருக்கிறது, எட்டு சாதனம் வரை ஓட்டலாம், பேட்டரி மூடியைத் திறந்தால் ஆறு பின் தெரியும், அதாவது அவற்றின் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைக்கக்கூடிய ஜேபி1 வகை. அதற்கான யூஎஸ்பி கேபிள் இப்போதுதான் கைக்கு வந்தது. ஒரே அழுத்தில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் மேக்ரோவுக்குள் இன்னொரு மேக்ரோ வேண்டும், ஒரே பட்டனை நீளமாக அழுத்தினால் வேறு வேலை செய்ய வேண்டும் என்பதால் எக்ஸ்டெண்டர், அதாவது ரிமோட்டின் திறனைக் கூட்டுகிற நிரல், போடலாம் என்று இருக்கிறேன்.

எனக்கு ஒரே கவலைதான். அப்பா வாங்கிய யமஹா ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் இப்போது இல்லை, கீழே விழுந்து போர்டே உடைந்துவிட்டது. அது வேலை செய்துகொண்டிருந்தபோதே அதன் பட்டன்களை எல்லாம் லேர்னிங் முறையில், அதாவது அதன் சிக்னலையே பதிந்துகொள்ள வைத்து, இந்த ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுத்து வைத்திருந்தோம். இதில் இருப்பது அழிந்தால் மறுபடி கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. முழு நினைவகத்தையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைப்பது எப்படி? பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் போய்விடுமா? அப்புறம், முதலில் 981 ரீசெட் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

செம்புக்கம்பி:

981 பக்கமே இப்போது போகாதீர்கள். அது நீங்கள் பதிந்ததை அழித்து ரிமோட்டை வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோகிற ரீசெட். காப்பி எடுத்து, அந்தக் காப்பி சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதைப் பற்றிய பேச்சே.

பேட்டரி பற்றிப் பயம் வேண்டாம். இந்தப் பழைய ஜேபி1 ரிமோட்டுகளில் செட்டிங், லேர்னிங் எல்லாம் தனியாக ஒரு ஈஈப்ராம் சிப்பில் இருக்கும், மின்சாரம் இல்லாவிட்டாலும் அதில் எழுதியது அப்படியே நிற்கும். ஆனால் காப்பி எடுக்கும்போது பேட்டரி உள்ளே இருக்கட்டும், அதுவும் புதிதாக இருக்கட்டும், பலவீனமான பேட்டரியில் படித்தால் தவறான பைட்டுகள் வரலாம், வந்தது தெரியாமலே நீங்கள் அதை நம்பி வைத்திருப்பீர்கள். கேபிளைச் செருகும்போது ரிப்பனில் கலர் கோடு இருக்கிற ஓரம் ஒன்றாம் பின் பக்கம் வர வேண்டும், திருப்பிச் செருகிவிடாதீர்கள். இன்னொன்று, பிற்கால மாடல்களில் தனி சிப் கிடையாது, ப்ராசசருக்குள்ளேயே ஃப்ளாஷ் நினைவகம் இருக்கும், அவற்றுக்குக் கேபிள் வேறு. உங்கள் கேபிள் எந்த வகைக்கு என்று விற்றவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மென்பொருள் ஆர்எம்ஐஆர், ஜாவா இருந்தால் ஓடும். அதில் டவுன்லோட் என்றால் ரிமோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு, அப்லோட் என்றால் கம்ப்யூட்டரிலிருந்து ரிமோட்டுக்கு. ரிமோட்டைச் செருகியதும் அவசரத்தில் அப்லோட் அழுத்திவிட்டால் நீங்கள் காப்பாற்ற நினைத்ததன் மேலேயே வேறு எதையோ எழுதிவிடுவீர்கள். ஆகவே திரையில் எந்த ஃபைலும் திறந்திருக்காத நிலையில் முதலில் டவுன்லோட் செய்யுங்கள். உங்கள் ரிமோட்டின் கையொப்பத்தை, அதாவது எந்த மாடல் என்று காட்டும் குறியீட்டை, வைத்து ஆர்டிஎஃப் ஃபைலை அதுவே தேடும், ஒன்றுக்கு மேல் பொருந்தினால் எது என்று உங்களைக் கேட்கும். நினைவகத்தில் எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று சொல்கிற வரைபடம் அந்த ஆர்டிஎஃப்தான், தவறானதைத் தேர்ந்தெடுத்தால் மேக்ரோ இருக்க வேண்டிய இடத்தில் குப்பையாகத் தெரியும்.

வந்ததும் ஒன்றையும் மாற்றாமல் சேமியுங்கள், பெயரில் மாடலும் தேதியும் இருக்கட்டும், ரீட் ஒன்லி ஆக்கிவிடுங்கள். பிறகு கேபிளைக் கழற்றிச் செருகி இன்னொரு முறை டவுன்லோட் செய்து வேறு பெயரில் சேமித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள், விண்டோஸில் எஃப்சி கட்டளை போதும். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் இரண்டையும் நம்பாமல் பேட்டரியையும் கேபிளையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

பழைய_கேசட்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் உங்கள் விஷயத்தில் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. அந்தக் காப்பி, ரிமோட்டை இன்றைய நிலைக்கு அப்படியே திருப்புவதற்கு உதவும். எக்ஸ்டெண்டர் போட்டால் நினைவக அமைப்பே மாறும், லேர்னிங்குக்கான இடமும் நகரலாம், சுருங்கலாம். அப்போது பழைய காப்பியை முழுதாக ஏற்றினால் எக்ஸ்டெண்டர் போய்விடும், ஏற்றாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பட்டன்கள் இருக்காது.

அதனால் டவுன்லோட் செய்த ஃபைலிலேயே லேர்னிங் சிக்னல்கள் இருக்கிற டேபைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சிக்னலையும் அது பிரித்துப் படித்து, ப்ரோட்டகால் (சிக்னல் அனுப்பும் முறை) என்ன, டிவைஸ் எண் (எந்த சாதனம்) என்ன, ஓபிசி எண் (எந்தப் பட்டன்) என்ன என்று காட்டும். யமஹா என்பதால் நெக்1 என்ற ப்ரோட்டகால், டிவைஸ் 122 என்று வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, அப்படியானால் வால்யூம் கூட்ட 26, குறைக்க 27, மியூட் 28. இந்த எண்களைத் தாளில் எழுதி வையுங்கள், ஏனென்றால் எண் கையில் இருந்தால் எந்த ரிமோட்டிலும் அந்த ஆம்ப்ளிஃபயரை மறுபடி உருவாக்கலாம், இந்த ரிமோட்டையே நம்பியிருக்க வேண்டியதில்லை. லேர்னிங் சிக்னல் என்பது துடிப்புகளின் நீளத்தைப் பதிந்து வைப்பது, இடம் நிறையத் தின்னும். அதையே டிவைஸ் அப்கிரேடாக, அதாவது ப்ரோட்டகாலும் எண்களும் மட்டும் கொண்ட பதிவாக, மாற்றினால் ஒரு பட்டனுக்கு ஓரிரு பைட்தான், எக்ஸ்டெண்டருக்கும் இடம் கிடைக்கும். எதுவும் பிரித்துப் படிக்க முடியவில்லை என்று வந்தால், அந்த சிக்னலை மட்டும் லேர்னிங்காகவே வைத்துக்கொண்டு தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, நினைவகத்தில் செக்சம், அதாவது உள்ளே இருப்பது சரியா என்று சோதிக்கும் எண், உண்டு, அது பொருந்தாவிட்டால் ரிமோட் தானே ரீசெட் ஆகிவிடும். ஹெக்ஸ் எண்களை வேறு எடிட்டரில் கையால் திருத்தி ஏற்றாதீர்கள், ஆர்எம்ஐஆர் வழியாகவே மாற்றினால் செக்சத்தை அதுவே சரி செய்யும்.

சோபா_மூலை:

ஜேபி1 வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவில்லை, லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட் வைத்திருந்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு. லாஜிடெக் 2021 ஏப்ரலில் ஹார்மனி தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த ரிமோட்டுகளின் செட்டிங்கை மாற்ற அவர்கள் சர்வரைத்தான் நம்பியிருக்க வேண்டும். கன்கார்டன்ஸ் என்ற இலவச மென்பொருள் பல யூஎஸ்பி மாடல்களில் இருக்கிற கான்ஃபிக்கை, அதாவது செட்டிங் தொகுப்பை, கம்ப்யூட்டரில் ஃபைலாக இறக்கித் தரும். சர்வர் ஓடும்போதே எடுத்து வையுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

தெருமுனை_ரேடியோ:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புது பேட்டரி போட்டு இரண்டு முறை டவுன்லோட் செய்தேன், இரண்டு ஃபைலும் ஒன்றே. லேர்னிங் டேபில் நெக்1, 122 என்றுதான் வருகிறது, வால்யூமும் மியூட்டும் நீங்கள் சொன்ன எண்களேதான். சில இன்புட் பட்டன்களுக்கு மட்டும் ஓபிசி காலியாக இருக்கிறது, பக்கத்தில் துடிப்பு நீளங்கள் மட்டும் தெரிகின்றன. அவற்றை லேர்னிங்காகவே விட்டுவிட்டு எக்ஸ்டெண்டர் போட்டால், புது அமைப்பில் அந்த இடத்துக்கு அவற்றை ஆர்எம்ஐஆரே நகர்த்துமா, நான்தான் ஒவ்வொன்றாகக் காப்பி செய்ய வேண்டுமா?

பழைய_கேசட்:

எக்ஸ்டெண்டர் ஃபைலைத் தனி விண்டோவில் திறந்து, பழைய ஃபைலிலிருந்து ஒவ்வொன்றாகக் காப்பி செய்துவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு. ஏற்றுவதற்கு முன் அந்தக் காலியான சிக்னல்களின் துடிப்பு நீளங்களை இங்கே போடுங்கள், 9000, 4500 என்று தொடங்கினால் அதுவும் நெக்தான், பதிவு சற்று கலங்கியிருக்கும், பெரும்பாலும் மீட்டுவிடலாம். பார்த்துச் சொல்கிறேன்.