அடுத்த ஒழுங்கையில் மின்சாரம் இருக்கிறது

குழு: உரும்பிராய் ஒழுங்கை உறவுகள்

ராசன்: மின்சாரம் போய்விட்டது. மிளகாய்க்கு இறைத்துக்கொண்டிருந்தேன், ஆறாவது பாத்தியோடு வாய்க்கால் வற்றிவிட்டது. அடுத்த ஒழுங்கையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. எங்களை மட்டும் ஏன் நிறுத்தினார்கள்?

பவளம் மாமி: இந்த வெயிலில் என் கூரைச் சோலாரும் நின்றுவிட்டது. அவ்வளவு காசு போட்டது எதற்கு?

சிவம் அண்ணை: ராசன், யாரும் எங்கள் ஒழுங்கையைப் பார்த்து நிறுத்தவில்லை. என் மேசையில் பழைய அதிர்வெண்மானி இருக்கிறது. மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று, அதாவது அதன் அதிர்வெண்ணை, காட்டும் கருவி. வரிசையாக மெல்லிய தகடுகள். 50 என்று எழுதிய தகடுதான் எப்போதும் துடிக்கும். சற்று முன் அது ஓய்ந்து 49இல் உள்ள தகடு துடித்தது. அடுத்த கணம் எல்லாமே அசையாமல் நின்றன. எங்கோ பெரிய மின்பிறப்பாக்கி ஒன்று நின்றிருக்க வேண்டும். மற்றவற்றின் மேல் பாரம் கூடினால் அவை மெதுவாகச் சுழலும், அதிர்வெண் விழும்.

சிவம் அண்ணை: வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று படுத்துவிட்டால் உடனே மூட்டைகளை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றதும் படுத்துவிடும். அதிர்வெண் குறித்த அளவுக்குக் கீழே போனதும் ரிலே என்ற காவல் கருவி தானாகவே சில ஃபீடர்களை, அதாவது ஊருக்குள் மின்சாரம் கொண்டுவரும் வழிகளை, கழற்றிவிடும். ஆளைக் கேட்டுச் செய்ய நேரமில்லை, எல்லாம் ஒரு விநாடிக்குள் நடக்க வேண்டும். நாங்கள் இறக்கிய மூட்டை. அடுத்த ஒழுங்கை வேறு ஃபீடர்.

அபி: மாமா, அப்படியென்றால் 2025 பெப்ரவரி 9 அன்று ஏன் நாடு முழுவதும் இருண்டது?

சிவம் அண்ணை: நல்ல கேள்வி, பிள்ளை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதை மட்டும்தான் எல்லோரும் பேசினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பாவனை குறைவு, வெயிலோ நல்ல வெயில். சோலார் நிறைய ஓடியதால் மின்நிலையங்களில் சுழன்று மின்சாரம் தரும் கனமான சுழலிகள் சிலவே ஓடின. அந்தக் கனம்தான் அதிர்வெண் விழும் வேகத்தைத் தணிப்பது. அது இல்லாதபோது ரிலே மூட்டை இறக்குவதற்குள் வண்டி குடைசாய்ந்துவிடும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மீண்டும் ஓட்ட நாட்கள் பிடித்தன. 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணிநேரம் மின்வெட்டு வந்தது அதனால்தான்.

பவளம் மாமி: என் சோலார்?

சிவம் அண்ணை: மாமி, வெளியே மின்சாரம் இல்லையென்றால் சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் உங்கள் இன்வெர்ட்டர் நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துகிற பிள்ளையின் கைக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் போகும். பகலில் தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் பேட்டரியும், வெளி இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் இன்வெர்ட்டரும் வேண்டும்.

பவளம் மாமி: அந்தப் பிள்ளைக்காக என்றால் வேர்த்தாலும் பரவாயில்லை.

சிவம் அண்ணை: ஒரு வேண்டுகோள். மின்சாரம் வந்தவுடனே எல்லோரும் மோட்டாரைப் போடாதீர்கள். இறக்கிய மூட்டையெல்லாம் ஒரேயடியாக ஏறினால் மாடு திரும்பவும் படுத்துவிடும். கொஞ்சம் விட்டுவிட்டுப் போடுங்கள்.

அபி: வந்துவிட்டது! தகடு எங்கே துடிக்கிறது, மாமா?

சிவம் அண்ணை: 50இல்.

ராசன்: சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டேன், அண்ணை. பத்து நிமிடம் கழித்து ஏழாவது பாத்திக்கு விடுகிறேன்.