சாப்பாட்டோடு தேத்தண்ணி: உண்மையிலேயே கெடுதலா?

சிப்புட்காரன்: அம்மாவுக்கு இரத்தச்சோகை என்று கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாதாம், சாப்பிட்ட கையோடும் குடிக்கக் கூடாதாம். அம்மாவோ, "ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டுன காலத்துலருந்து ரொட்டியும் தேத்தண்ணியும்தான், இப்ப என்ன புதுசா?" என்கிறார். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ரொட்டி சானாய் வருவதற்கு முன்பே தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேத்தண்ணி) மேசைக்கு வந்துவிடுகிறது. என்ன செய்வது?

பழைய தண்டல்: எல்லாம் கைப்பேசி வைத்தியம். விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது ஒரு மங்கு தே ஓ, பாலில்லாத் தேத்தண்ணி, குடித்துவிட்டுத்தான் போவோம். யார் படுத்துக் கிடந்தார்கள்?

தாதி அக்கா: அண்ணே, பெரட்டுக்கு வெறும் வயிற்றில் குடித்தீர்கள், சோற்றோடு அல்ல. அதுதான் வித்தியாசமே. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். மீன், இறைச்சியில் உள்ள இரும்புக்கு அந்தப் பாதிப்பு குறைவு. பால் ஊற்றினாலும் தப்ப முடியாது, பாலின் சுண்ணாம்புச் சத்தும் இரும்பைத் தடுக்கும். காப்பியும் இதே கதைதான்.

தம்பி, சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஆனால் இரத்தம் குறைந்ததற்குத் தேத்தண்ணிதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே எங்காவது இரத்தப்போக்கு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கட்டிப்பால் எதிரி: இரும்பை விடுங்கள், சீனியைப் பேசுங்கள். 2019 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. நம் இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. டின்னைத் திருப்பிப் படியுங்கள், பல டின்களில் 'கிரிமர்' என்றுதான் இருக்கும், உள்ளே செம்பனை எண்ணெய். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், இப்போது அதையே கோப்பையிலும் ஊற்றுகிறார்கள்!

பழைய தண்டல்: கட்டிப்பால் இல்லாமல் தே தாரிக்கா? அதற்குச் சுடுதண்ணீரே குடிக்கலாம்.

கட்டிப்பால் எதிரி: கடையில் தூளைத் துணிப்பையில் போட்டுக் காலை முழுக்கக் கொதியிலேயே வைத்திருக்கிறார்கள். கசப்பு ஏறும், அதை மறைக்கப் பாலும் சீனியும். வீட்டில் கொதித்த தண்ணீரைத் தூள்மேல் ஊற்றி, மூடி, மூன்று நிமிடத்தில் வடித்துப் பாருங்கள். பாதிச் சீனியே போதும்.

பழைய தண்டல்: மூன்று நிமிடத்தில் நிறம் வரும், கடுப்பு வருமா? சரி, ஒன்று சொல்கிறேன். 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னது. கடைக்காரன் கைநீளத்துக்கு இழுத்து ஆற்றித்தானே தருகிறான்? அதை ஏன் பாராட்டமாட்டீர்கள்?

தாதி அக்கா: பாராட்டலாம் அண்ணே, ஆற்றியதில் தப்பே இல்லை. 'குராங் மானிஸ்', அதாவது இனிப்பு குறைவாக, என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

சிப்புட்காரன்: மாத்திரைக்கு வெறும் தண்ணீர் என்பதற்கு அம்மா ஒப்புக்கொண்டார். பசியாறலோடு தேத்தண்ணியை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

தாதி அக்கா: அப்படியானால் மாத்திரை நேரத்தை மாற்றுங்கள். பசியாறலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், பதினொரு மணிவாக்கில் கொடுங்கள். வயிற்றைப் புரட்டினால் கிளினிக்கில் சொல்லுங்கள், அவர்களாக மாற்றித் தருவார்கள்.