ஆற்றிலிருந்து எடுத்த பரிகாரத் துணியை என்ன செய்வது?

தையல்கடை அக்கா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாபநாசத்துக்குக் கொஞ்சம் கீழே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். தையல் கடை வைத்திருக்கிறேன். இந்தச் சித்திரையில் ஊராட்சிக் கிளார்க் ஒரு தாளோடு கடைக்கு வந்தார். “அக்கா, பல்லுயிர் மேலாண்மைக் குழுவுல உங்க பேரும் இருக்கு, ஒரு கையெழுத்து போடுங்க” என்றார். நான் எப்போது சேர்ந்தேன் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஊரின் செடி கொடி, உயிரினங்களைக் காக்க, 2002-ஆம் வருஷப் பல்லுயிர்ச் சட்டப்படி எல்லா ஊராட்சியிலும் இருக்க வேண்டிய குழுவாம். எங்கள் ஊரில் ஏழு பேர். அதில் ஒருவர் துபாய் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

மிச்சம் ஆறு பேரும் கூடிப் பேசினோம். பேர்தான் இருக்கிறதே, படித்துறையையாவது சுத்தம் பண்ணுவோம் என்று முடிவானது. வைகாசி முதல் ஞாயிறு இறங்கினோம். குழுவைத் தவிர பையன்கள், மகளிர் குழுப் பெண்கள் என்று பதினாறு பேர் வந்தார்கள். பாட்டில், ஷாம்பு பாக்கெட் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. துணிதான் தீரவே இல்லை.

பாவம் போக முங்கிவிட்டு, உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். மருத மர வேரில் ஒரு முந்தி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், அசையவில்லை. மூன்று பேர் பிடித்து இழுத்தபோது, மணல் ஏறி முறுக்கி, தொடை கனத்துக்கு வடம் மாதிரி வந்தது. உள்ளே ஒரு வேட்டி, ஒரு சின்னப் பிள்ளையின் கவுன், ஒரு எலுமிச்சம்பழம். எத்தனை மாதம் கிடந்ததோ, முந்தி ஜரிகை மட்டும் இன்றைக்குக் கடையில் எடுத்த மாதிரி மின்னியது. என் தொழிலே துணி என்பதால் சொல்கிறேன், நூல் துணி பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாம் பாலியஸ்டர். அது எங்கே மக்கப் போகிறது!

நல்லதாக முப்பது சேலை பொறுக்கி, மூன்று தண்ணீர் விட்டு அலசிக் காயவைத்து, மஞ்சப்பை அளவில் பை தைத்தேன். சந்தையில் ஒன்றுகூடப் போகவில்லை. ஒரு மதினி நேராகவே கேட்டார்: “யாரு பாவத்தையோ நான் கத்தரிக்கா வாங்கச் சுமக்கணுமா?” கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மிச்சத் துணி ஒரு டிராக்டர் லோடு. அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொட்டினோம். போன வாரம் ராத்திரி யாரோ தீ வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கரும்புகை. தெரு முழுக்க எங்களைத்தான் திட்டியது.

ஆடி அமாவாசை வருகிறது. அதற்குள் இன்னொரு தடவை இறங்கலாமா? எடுக்கும் துணியை எங்கே அனுப்புவது? இன்னொன்று, குழுவில் இரண்டு பேர் ஜேசிபி வைத்து நாணல், தாழை எல்லாவற்றையும் வழித்துவிட்டு, கரையைப் பூங்கா மாதிரி ஆக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

---

கல்லிடை பாண்டி

அக்கா, முதலில் ஒன்று. இப்போது ஆற்றில் இறங்காதீர்கள். கார் சாகுபடிக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, தண்ணீர் போகும் நேரம், மலையில் சாரலும் உண்டு. போதாததற்கு மேலே மின் நிலையம் ஓடுகிறது. ஊரில் ஒரு தூறல் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஏறும். நாங்கள் பங்குனி, சித்திரையில்தான் இறங்குவோம். அப்போதும் முந்தின நாள் நீர்வளத் துறை அலுவலகத்தில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வோம். இறங்கும் முன்னால் ஒரு பாறையில், தண்ணீருக்கு நாலு விரல் மேலே சுண்ணாம்புக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு ஆளை விசிலோடு உட்கார வைப்போம். அவருக்கு வேறு வேலை கிடையாது, போன் பார்க்கவும் கூடாது. கோடு நனைந்தால் விசில், எல்லாரும் மேலே. ஒரு தடவை அந்தக் கோடுதான் எங்களைக் காப்பாற்றியது.

அடுத்தது துணி. ஈரத்தோடு டிராக்டரில் ஏற்றியதுதான் தப்பு. பாதி எடை தண்ணீரும் மணலும்தான். நாங்கள் கரை மணலிலேயே உதறி, மரத்துக்கு மரம் கயிறு கட்டி இரண்டு நாள் காயப்போடுவோம். வேரில் சிக்கியதைக் கையால் இழுக்க வேண்டாம். நீளக் கம்பில் கட்டிய தொரட்டியால், கரையில் நின்றே இழுக்கலாம். உள்ளே பிளேடு, உடைந்த பாட்டில் எல்லாம் இருக்கும். காலில் புண் உள்ளவர்களை இறக்கவே இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

காய்ந்ததும் பிரியுங்கள். நூல் துணியை ஒர்க்‌ஷாப்காரர்கள் கை துடைக்க வாங்கிக்கொள்வார்கள், அவர்கள் பாவ புண்ணியம் பார்ப்பதில்லை. பாலியஸ்டரை விலைக்குக் கேட்க ஆள் கிடையாது. இந்த மாதிரிக் கழிவை நிலக்கரியோடு சேர்த்து எரிக்கச் சிமென்ட் சூளைகளுக்கு அனுப்புவது உண்டு. ஆனால் காய்ந்திருக்க வேண்டும், மணல் இருக்கக் கூடாது, கட்டுக்கட்டாக இருக்க வேண்டும். ஒரு ஊர்த் துணி அதற்குக் காணாது. பக்கத்து நாலு ஊராட்சியைச் சேர்த்துக்கொண்டு, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் வழியாக எழுத்தில் கேளுங்கள். அலைய விடுவார்கள், அலையுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் பக்கம் மருத மரங்களைப் பார்க்க வேண்டுமே, ஆளுயரத்துக்கு மேலே சேலை தொங்கியது. அதை எடுக்க ஏணி போட்டோம்.

---

வரிகட்டுபவன்

இதெல்லாம் ஊராட்சியின் வேலை. சம்பளத்துக்கு ஆள் இருக்கும்போது நீங்கள் ஏன் இறங்குகிறீர்கள்? நீங்கள் செய்யச் செய்ய அவர்கள் இன்னும் சோம்பேறி ஆவார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

---

தையல்கடை அக்கா

அண்ணாச்சி, எங்கள் ஊரில் தூய்மைக் காவலர்கள் மூன்று பேர். மூன்றும் பெண்கள், ஒருவருக்கு முழங்கால் வலி. வீடு வீடாகத் தள்ளுவண்டியில் குப்பை எடுக்கவே மதியம் ஆகிவிடுகிறது. வெளியூர்க்காரர் விட்டுப்போன சேலையை எடுக்க அவர்களை ஆற்றில் இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊராட்சியைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

பாண்டி தம்பி, சுண்ணாம்புக் கோடு எனக்குத் தோன்றவே இல்லை. வைகாசியில் பிள்ளைகளையும் இறக்கினோம். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

---

நாணல்

அக்கா, ஜேசிபி பற்றி நான் சொல்கிறேன். பறவை பார்க்கிறவன். 2011-லிருந்து ஜனவரி தோறும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நானும் போய் எண்ணுவேன்.

கரையைப் பிடித்து வைத்திருப்பது நாணல், தாழை வேர்தான். அதை வழித்தால் அடுத்த வெள்ளத்தில் உங்கள் பூங்காவும் படித்துறையின் ஓரக் கல்லும் சேர்ந்தே போகும். தூக்கணாங்குருவி கூடு பின்னுவதற்கு நாணலிலும் நார் கிழிக்கும்.

இன்னொன்று செய்யுங்கள். விடியற்காலையில் ஆள் வராத பாறைகளைப் போய்ப் பாருங்கள். மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து கருப்பாக எச்சம் கிடந்தால், அது நீர்நாய். நம் ஆற்றில் உண்டு, ஓய்வெடுக்க அது புதருக்குள்ளும் வேர்ப் பொந்திலும் படுத்திருக்கும். அந்தப் பாறையைப் போட்டோ எடுத்து, இடம், தேதி போட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில், அதாவது ஊரில் உள்ள செடி, உயிரினங்களைக் குறித்து வைக்கும் ஏட்டில், எழுதுங்கள். உங்கள் குழுவுக்குச் சட்டம் கொடுத்த முக்கியமான வேலையே அந்தப் பதிவேடுதான், குப்பை பொறுக்குவது இல்லை! ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் எங்கேயாவது பீரோவில் இருக்கும். பல ஊரில் ஒரே மாதிரி நகல் எடுத்து வைத்திருப்பார்கள். உங்கள் ஊரில் இல்லாத செடியெல்லாம் அதில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அடித்துவிட்டுத் திருத்துங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில், கரையில் இயந்திரம் இறக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தாளில் எழுதி என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். மதுரை அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. பிறகு டங்ஸ்டன் சுரங்கம் என்று வந்தபோது அந்தப் பக்கத்து ஊர்கள் கிராம சபைத் தீர்மானம் போட்டன, போராடின. 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. தாள் மட்டும் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கையில் தாள் இருந்தது.

---

படித்துறைக் கடை

நான் பூசைச் சாமான் விற்கிறவன். துணி விடுகிற கூட்டத்தைத் தினமும் பார்க்கிறேன். போர்டு வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். சடங்கு செய்து வைக்கிற ஐயர் வாயிலிருந்து வர வேண்டும். “ஆத்துல விடுங்க” என்பதை “கரையில விடுங்க” என்று அவர் மாற்றிச் சொன்னால் தொண்ணூறு பேர் கேட்பார்கள். எங்கள் படித்துறையில் சடங்கு செய்து வைக்கிற ஒரு பெரியவரிடம் போய்ப் பேசினோம். ஆற்றை அசுத்தம் பண்ணுவது தனிப் பாவம் என்று அவரே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

துணி போட மூங்கில் தட்டியால் அடைப்பு கட்டி வையுங்கள். ஆனால் எங்கே கட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம். நாங்கள் முதலில் மேலே, வண்டி நிற்கிற இடத்தில் கட்டினோம், காலியாகவே கிடந்தது. ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் ஏறுவார்? பெண்கள் உடை மாற்றும் அறை வாசலில் ஒன்று, கடைசிப் படியிலிருந்து கையெட்டும் தூரத்தில் ஒன்று என்று மாற்றினோம். அமாவாசையன்று மத்தியானத்துக்குள் இரண்டும் நிரம்பிவிட்டன. நிரம்பினால் உடனே அள்ள ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தட்டியின் மேலே வழிகிற துணி மறுபடி ஆற்றுக்குத்தான்.

---

தையல்கடை அக்கா

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி குழு கூடியது. ஆடி அமாவாசைக்கு யாரும் ஆற்றில் இறங்குவதில்லை. தட்டி மட்டும் இரண்டு, படித்துறைக் கடை அண்ணாச்சி சொன்ன இடத்தில். அள்ளிப்போட மகளிர் குழுவில் நாலு பேர் மாற்றி மாற்றி நிற்பார்கள். தட்டித் துணி மணல் ஏறாமல் சுத்தமாகவே இருக்கும், காயப்போட எங்கள் வீட்டு மாடி போதும். அந்தத் துணியை வீட்டில் ஏற்றலாமா என்று என் மாமியார் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஜேசிபிக்காரர் இருவரில் ஒருவர் நீர்நாய் என்றதும், “அது என் மீன் வலையைக் கிழிச்ச கழுதைதானே!” என்றார். ஆக, இருக்கிறது. பாறையை அவரே காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விடியற்காலை போகிறோம். பதிவேட்டைக் கிளார்க் தேடிக்கொண்டிருக்கிறார்.