பதில் சொல்லாத நோயாளியின் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதுங்கள்

முதல் பதிவு

அப்பாவுக்குத் தலையில் அடிபட்டு அன்று 47வது நாள். கண் திறந்திருக்கும், ஆனால் யாரையும் பார்க்காது. டார்ச் அடித்தாலும் விரலை ஆட்டினாலும் பார்வை நின்ற இடத்திலேயே நிற்கும். தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குழாய், மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய். "கோமா தெளிந்துவிட்டது, சுயநினைவு இல்லை, இனி இப்படித்தான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதையும் அப்பாவின் கட்டில் ஓரத்தில் நின்றே சொன்னார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. தம்பி அவருக்குச் சவரம் செய்து முடித்தான். அப்பா தினமும் பார்த்துச் சவரம் செய்யும் சின்ன வட்டக் கண்ணாடி, சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பு, ஓரத்தில் ஒரு கீறல். சலூனில் காட்டுகிற மாதிரி அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "பாருங்கப்பா, சரியா இருக்கா?" என்றான். பழக்கதோஷத்தில் கேட்டதுதான். கண்ணாடியை இடப்பக்கம் எடுத்தான். அப்பாவின் கண் கூடவே போனது. வலப்பக்கம் கொண்டுவந்தான். மெதுவாக, விட்டு விட்டு, வந்தது. அடுப்படியில் இருந்த எனக்கு "அக்கா!" என்று அவன் கத்தியது மட்டும்தான் கேட்டது. என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் ஓடினேன்.

போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வேறொரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர்தான் பொறுமையாக விளக்கினார். கோமாவில் கண் மூடியே இருக்கும். கண் விழித்து, தூங்கி எழுந்து, ஆனால் தன்னையும் சுற்றத்தையும் அறியாமல் இருப்பது வேறு நிலை. லேசாக, வந்து வந்து போகிற அறிவு இருப்பது இன்னொரு நிலை; இந்த மூன்றாவதைத் தனியாகப் பிரித்து வரையறுத்ததே 2002இல்தான். நாம் இவை எல்லாவற்றையும் "நினைவு இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம்.

அதன் பிறகு கிடைத்ததை எல்லாம் படித்தேன். 2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்ற விஞ்ஞானியின் குழு, விபத்தில் அடிபட்டு, என்ன சொன்னாலும் பதிலுக்கு எந்த அசைவும் காட்டாத 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் படுக்கவைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்றது. அப்புறம், "உன் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடப்பதாக நினைத்துக்கொள்" என்றது. இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன, நல்ல உடம்போடு இருப்பவர்களுக்கு எப்படியோ அப்படியே. பதிலுக்கு விரலைக்கூட அசைக்காத பெண், சொன்னதைக் கேட்டு, புரிந்து, செய்திருக்கிறாள். நான்கு வருடம் கழித்து அந்தக் குழுவும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் குழுவும் சேர்ந்து 54 பேரைச் சோதித்ததில் 5 பேர் இப்படி மூளையால் பதில் தந்தார்கள். அதில் ஒருவர் 'ஆமாம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீடு என்று வைத்துக்கொண்டு தன் குடும்பத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதிலே சொன்னார்.

அப்பா டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. அவரிடம் நாற்று நடச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும் என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது? எழுதுங்கள்.

மறுமொழி: பிசியோதெரபிஸ்ட், மதுரை

உங்கள் தம்பி செய்தது முறையான பரிசோதனையிலேயே இருக்கிறது. கண் எதையாவது தொடர்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியைத்தான் பிடிக்கச் சொல்கிறார்கள். ஆளையோ வேறு பொருளையோ தொடராத கண்கூடச் சில சமயம் தன் முகத்தைத் தொடரும். 2009இல் வந்த ஒரு ஆய்வில், அறிவே இல்லை என்று டாக்டர்கள் ஒருமனதாக முடிவு செய்திருந்த 44 பேரை இப்படிப் படிப்படியாகச் சோதித்தார்கள். 18 பேருக்கு அறிவு இருந்தது. 41 சதவீதம்!

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து முறையாவது பார்க்க வேண்டும். முதலில் ஆளை நிமிர்த்தி உட்காரவையுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா பாருங்கள். தூக்க மருந்து, வலிப்பு மருந்து எத்தனை மணிக்குப் போனது என்று கேளுங்கள்.

ஒரு பாட்டி ஞாபகத்துக்கு வருகிறார். பக்கவாதம். நான் தமிழில் பத்து நாள் "கையைப் பிடிங்க பாட்டி" என்றேன், ஒன்றுமில்லை. மகள் வந்து வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்தில் அதையே சொன்னார். கட்டை விரல் மடங்கியது. ஒரு தடவை, அப்புறம் மறுபடி. பத்து நாளை வீணாக்கிவிட்டேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதல் கேள்வி, வீட்டில் என்ன பாஷை, அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்பதுதான்.

மறுமொழி: கோவையிலிருந்து

நான் கட்டிலில் கிடந்தவன். எனக்கு வந்தது மூளைப் பிரச்சினை இல்லை, ஜிபிஎஸ் என்கிற நரம்பு நோய். கால், கை, மூச்சு, கடைசியில் கண் இமைகூடப் போய்விட்டது. வென்டிலேட்டரில் ஒன்பது நாள் ஒரு அசைவும் இல்லை. அறிவு முழுசாக இருந்தது. அதனால் உங்கள் அப்பாவின் நிலையோடு இதை ஒன்றாக்கவில்லை. ஆனாலும் அசையாத ஆள் முன்னால் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை உள்ளேயிருந்து கேட்டவன் நான்.

பகல் இரவு தெரியாது. நர்ஸ்கள் டியூட்டி மாறும்போது பேசிக்கொள்வதை வைத்துத்தான் நாளை எண்ணினேன். "இவருக்குத் தெரியவா போகுது" என்று ஒருவர் சொன்னதையும் கேட்டேன். ஒரு சிஸ்டர் மட்டும் ஒவ்வொரு முறையும், "ஐயா, சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் கஷ்டமா இருக்கும், பத்து எண்ணுங்க" என்பார். நான் எண்ணுவேன். ஏழு எட்டுக்குள் முடித்துவிடுவார். மற்றவர்கள் சொல்லாமல் குழாயை விடும்போது உயிர் போவது போல இருக்கும். குழாய் ஒன்றுதான். அந்த சிஸ்டரின் முகத்தை எழுந்த பிறகுதான் பார்த்தேன், குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

மறுமொழி: பெயர் வேண்டாம்

என் கணவரிடம் இரண்டு வருடம் பேசினேன். காலையில் பேப்பர் படித்துக் காட்டுவேன், கரண்ட் பில் எவ்வளவு என்று சொல்வேன். கண்ணாடியும் காட்டியிருக்கிறேன். ஒரு நாளும் ஒன்றும் வரவில்லை. போன தை மாதம் போய்விட்டார். இதையெல்லாம் படிக்கும்போது, நான் ஏதாவது கவனிக்காமல் விட்டேனா என்று இருக்கிறது.

மறுமொழி: முதல் பதிவு எழுதியவர்

அம்மா, அப்படி நினைக்காதீர்கள். 2024இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. சொன்னதைச் செய்யாத 241 பேரில் 60 பேருடைய மூளை, ஸ்கேனிலோ இஇஜியிலோ (தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது), சொன்னதைச் செய்தது. நாலில் ஒருவர். மற்ற மூன்று பேருக்கும் கேட்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 2011இல் இஇஜியை வைத்து நல்ல ஆரோக்கியமான 12 பேரைச் சோதித்தபோதே 9 பேரிடம்தான் அது தெரிந்தது. விழித்திருந்து, புரிந்து, சொன்னதைச் செய்த மூன்று பேரையே கருவி பிடிக்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்று யாராலும் உங்களிடம் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்டது என்று நானும் சொல்லத் துணியமாட்டேன். நீங்கள் பில் தொகையைச் சொன்னது சரி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்றும் சொல்கிறேன். பேச்சு வரவில்லை. ஆமாம் என்றால் ஒரு தடவை கையை அழுத்துவார், இல்லை என்றால் கண்ணை இறுக்கி மூடுவார். காலையில் கேட்டால் பாதி நாள் தப்பாக வரும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், நாற்காலியில் உட்காரவைத்து, டிவியை அணைத்துவிட்டுக் கேட்டால் நன்றாக வருகிறது. மற்ற வீடுகளிலும் இப்படி நேரம் பார்த்து வருகிறதா? வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.