புதுப்பிப்பு: நெடுந்தீவு போய் வந்தாச்சு

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் கடல்ல இருக்கிற தீவு நெடுந்தீவு. போன கிழமை இங்கே, "நெடுந்தீவுக்கு ஒரு நாள் காணுமா, இரவு தங்க வேணுமா?" எண்டு கேட்டிருந்தன். சனிக்கிழமை போய், ஞாயிறு திரும்பினம். தங்கச் சொன்ன ஆக்களுக்கு நன்றி.

குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். எனக்குத் தலைசுற்று, மனிசிக்குச் சிரிப்பு. ஓட்டோ பிடிச்சு ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு (பாவோபாப்) மரம் எல்லாம் பாத்தம். வளந்துகொண்டே போகுது எண்டு ஊராக்கள் சொல்லுற வளரும் கல்லு வளந்த மாதிரித் தெரியேல்லை!

ஆனா மனசில நிண்டது கல்வேலியள்தான். பவளக்கல்லை ஒண்டுக்கு மேல ஒண்டா, சாந்தே இல்லாம அடுக்கியிருக்கினம். வெயில் தணிய வெட்டைக்குப் போனா, கட்டாக்காலிக் குதிரையள் கூட்டமா மேயுது. ஒரு குட்டி கிட்ட வந்து மணந்து பாத்திட்டுப் போச்சு. பகல் படகில திரும்பியிருந்தா இது கிடைச்சிராது.

இரவு, தங்கின வீட்டு அம்மா, பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச ஒடியல் மாவில, நண்டெல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சினா. பக்கத்து வீட்டாக்களும் வந்திட்டினம். நண்டுக்கால் யாருக்கு எண்டு சண்டை, பதினொரு மணி மட்டும் ஊர்க்கதை.

தண்ணிப் போத்தலும் தொப்பியும் மறக்காதேங்கோ. நான் தொப்பியை மறந்து மூக்குத்தோல் உரியுது.