கொரியன் கோழி: சோஸில பிரட்டினதும் இளகுது

கேள்வி (கல்முனை):
பொரிச்செடுக்கக்குள்ள மொறுமொறுப்பா இருக்கு, சோஸில போட்டதும் சொதசொதப்பு. கோதுமை மாதான் போடுறன். ஏன்?

ஆரையம்பதி:
சோளமாவுக்கு (வெள்ளை கோர்ன் ஃப்ளவர்) மாத்துங்க, 1 கிலோ செட்டைக்கு முக்கால் கப். இரண்டு தரம் பொரிக்கவேணும்: 160 பாகை செல்சியஸில 8 நிமிசம், கம்பித்தட்டில 5 நிமிசம் ஆறவிட்டு, 185 பாகையில 3 நிமிசம். ஆறக்குள்ள உள்ளீரம் தோலுக்கு வரும். இரண்டாம் பொரியல்தான் அதை விரட்டும். கடதாசியில குவிச்சா ஆவியில அடிப்பக்கம் இளகிடும்.

காத்தான்குடி:
சோஸ் தண்ணியா இருந்தாலும் இதே கதிதான். கொச்சுஜாங் (கொரியன் மிளகாய் விழுது) 2 மேசைக்கரண்டி, தக்காளி சோஸ் 2, சோயா 1, சீனி 2, நசுக்கின உள்ளி 1. பளபளண்டு தடிக்குமட்டும் காய்ச்சி, அடுப்பை நிப்பாட்டிப்போட்டுப் பிரட்டுங்க. சில கொச்சுஜாங்கில மதுசாரம் இருக்கும், லேபிளைப் பாருங்க.

கல்முனை:
எலும்போட தொடைத்துண்டுக்கும் இதே நேரமா?

ஆரையம்பதி:
இல்ல, முதல் தரம் 12 நிமிசம்.