ஆண்டு விழாவுக்குப் பதில் ஒரு கூத்து வாத்தியார்

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சங்கம் நடத்தும் ஆண்டு விழாவுக்குப் பொருளாளர் அண்ணன் அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தேன். பந்தல், ஒலிபெருக்கி, ஓவியப் போட்டி, பரிசுக் கேடயம், சங்கத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட். எல்லாம் சரி, விழா முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்? நமக்கு ஃபோட்டோ மிச்சம், அது தெரியும். அதே பணத்தில் ஒரு தெருக்கூத்து வாத்தியாரை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

நான் சொல்வது, அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருக்கும் பிள்ளைகளை. குவாரிக் கூலிகள் வீட்டுப் பிள்ளைகளையும்தான். நம் ஊர் ஆந்திரப் பக்கம் என்பதால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பாடத்தில் பின்தங்கிய பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை. கூத்தில் அது நடக்காது. கடைசி வரிசையில் வெற்றிலை மெல்லும் கிழவிக்கும், மைக் இல்லாமல், கேட்கும்படி பாட வேண்டும். தாளம் தப்பினால் மிருதங்கக்காரர் அங்கேயே முறைப்பார். கட்டியக்காரன், அதாவது கூத்துக் கோமாளி வேஷம் என்றால் இன்னும் விசேஷம். ராஜாவையே கேலி செய்யலாம், ரேஷன் கடையையும் நடுவில் இழுத்து வைத்துக்கொள்ளலாம். வாயாடி என்று வகுப்புக்கு வெளியே நிற்கிற பையனைத்தான் வாத்தியார் அதற்குத் தேடிப் பிடிப்பார்.

மார்க் ஏறுமா என்று கேட்பீர்கள். ஏறலாம், ஏறாமலும் போகலாம். அதைச் சொல்லி நான் பணம் கேட்கவில்லை.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் தெருக்கூத்துக் கலைஞர்களின் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் ஒரு குருகுலம் தொடங்கி 2020 வரை நடத்தியது. பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்ந்தே நடந்தன. அதை நடத்திய பெருங்கட்டூர் ராஜகோபால் சின்ன வயதிலேயே படிப்பை விட்டுக் கூத்துக்கு வந்தவர். அடுத்து வரும் பிள்ளைகளாவது கூத்துக்காகப் படிப்பை விட வேண்டாம் என்று நினைத்தார். பெண் பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டினார்கள். ஆண்களே திரௌபதியாக வந்து நிற்கிற ஆட்டத்தில் அது லேசான காரியம் இல்லை.

நம் ஊரில் பேச்சு வராமல் இருக்குமா? "பொம்பளைப் பிள்ளை ராத்திரியில் ஆடுவதா" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பயிற்சியைச் சாயங்காலம் இருட்டுவதற்குள் முடித்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் வேறு விஷயத்தில். எந்தத் தெருப் பையனுக்கு எந்த வேஷம் என்பதில்தான் வம்பு வரும். அதை வாத்தியாரிடமே விட்டுவிட வேண்டும். காலனிப் பையனுக்கு அர்ச்சுனன் கிடைத்தால் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாரும் போன் போட்டுப் பஞ்சாயத்து பண்ணக் கூடாது. இதை முதலிலேயே தீர்மானமாக எழுதி வைப்போம்.

மழைக்காலத்தில் கூத்துக்காரர்களுக்கு ஆட்டம் குறைவு, மாதச் சம்பளம் என்றால் வாத்தியார் கிடைப்பார். அவருக்குப் பஸ் காசு, பிள்ளைகளுக்குத் தினம் சுண்டல். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கடையில் வாங்க வேண்டாம். அட்டையில் வெட்டி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் பிள்ளைகளே ஒட்டட்டும். ஓவியப் போட்டி வேண்டும் என்று கேட்ட மாமாவுக்கும் அதில் திருப்திதானே? அப்புறம், மகாபாரத உற்சவத்தில் பெரிய ஜமா (கூத்துக் குழு) வருவதற்கு முன் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகள் ஆடட்டும். தர்மகர்த்தாவிடம் நான் பேசுகிறேன்.

ஆட்சேபம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள், தனி மெயில் வேண்டாம். தர்மராஜா கோயில் பின்னால் இருக்கும் பழைய கூடத்தின் சாவி இப்போது யார் வீட்டில் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த வாரம் ஆள் விட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்கிறேன். போன மழையில் ஒழுகியது என்று கேள்வி.